எண்ணூறு வெள்ளி

செந்தூல் பழைய ரயில் பட்டறைக்குப் பின்னால்
லாலான் புல் வெட்டிய திடலில்
மூன்று இரவு எழுப்புதல் கூட்டம்.
ஒலிபெருக்கி நான்.
எட்டுப் பெட்டி, நாலு கொம்பு, ஒரு ஜெனரேட்டர்.
போன வாரம் இதே பெட்டிகள்
பத்துமலை அடிவாரத்தில் உறுமி முழக்கின.
பெட்டிக்குச் சாமி தெரியாது,
வாட்ஸ் மட்டும்தான் தெரியும் என்று
கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதல் இரவு மழை.
மெதடிஸ்ட் சபைப் பெரியவர்கள்
கடைசி வரிசையில், மடக்கிய குடையோடு,
கை தட்டலாமா கூடாதா என்ற முகத்தோடு.
முன்னால் பிளாட்டு வீட்டு சனம்.
போதகர் சற்குணம் முன்பு பஸ் கண்டக்டர்.
'அப்பா' என்று அவர் கத்தும்போதெல்லாம்
ஊசி சிவப்பில் போய் முட்டும்.
என் விரல் குறைக்கும்.
பரலோகத்துக்குக் கேட்டால் போதாதா,
கெப்போங் வரைக்கும் எதற்கு?

விழுந்தார்கள்.
விழுந்த பெண்களின் காலுக்கு
யாரோ ஓடிப்போய்த் துண்டு போர்த்தினார்கள்.
நான் நம்பவுமில்லை, சிரிக்கவுமில்லை.
ஆனால் ஒன்று தெரியும்.
எதிர் பிளாட்டு நாலாவது மாடியில்
ஆலோங் சிவப்புச் சாயம் ஊற்றிய கதவுகளில்
மூன்று கதவு இந்த வருசம் வெள்ளை.
சம்சுவுக்குப் போன காசில்
லெட்சுமியாக இருந்த ரூத்து
தையல் மிஷின் வாங்கிவிட்டாள்.
அதே ரூத்து, அம்மா செத்தபோது
வாசலோடு நின்றாள். வாய்க்கரிசி போடவில்லை.
தம்பிகள் இன்னும் பேசுவதில்லை.
கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும்
ஆமென் சொன்ன வாயோடு
'நீங்க ஊர்ல எந்தப் பக்கம்' என்கிறார்கள்.
நெருப்பு இன்னும் அந்த அறைக்குள் போகவில்லை.

மூன்றாம் இரவு, பதினொன்றரை.
பெட்டி ஏற்றுகிறேன். லோரி அருகே ஒருவன்.
கழுத்தில் பச்சை குத்திய பாம்பு,
அதன் வாய் வரை பட்டன் போட்ட சட்டை.
'அண்ணே, நான் சீலாஸ். முன்னாடி கட்டை அன்பா.
பன்னெண்டு வருசத்துக்கு முந்தி
உங்க ஸ்டோர் பூட்ட ஒடச்சது நாந்தான்.
ரெண்டு ஆம்ப்ளி, ஒரு மிக்ஸர்.
சௌ கிட்டுல முந்நூறுக்குத் தள்ளிட்டேன்.
மன்னிப்பு கேட்டா மட்டும் பத்தாது,
திருப்பிக் குடுன்னாரு ஆண்டவர்.'
ஓர் உறை. எண்ணூறு வெள்ளி.
மிச்சம் மாசா மாசம் தருவானாம்.
அழுதான். அழுது முடித்த முகம்
கழுவிக் கவிழ்த்த தட்டு.

எண்ணிப் பார்த்தேன். ஐம்பது வெள்ளித் தாள், பதினாறு.
எண்ணாமலே பையில் போட்டிருக்கலாம்.
பதினாறாவது தாளில்
மாசிலன் வந்து நின்றான்.

என்னிடம் ஒயர் சுற்றிய பையன். பத்தொன்பது வயசு.
உள்ளே என்ன இருக்கிறதென்று
அவனுக்குத்தானே தெரியும் என்றேன்.
பூட்டை உடைத்தது நாடகம் என்றேன்.
இல்லண்ணே என்றான்.
மறுபடி, இல்லண்ணே.
மூன்றாவது 'இல்ல'வுக்கு முன்
மைக் ஒயரை நாலாக மடித்துவிட்டேன்.
அவன் சுற்றி வைத்த அதே ஒயர்.
அவன் அப்பா வந்து, ஒன்றும் கேட்காமல்,
மகனைக் கூட்டிக்கொண்டு ஜொகூர் பக்கம் போய்விட்டார்.
செந்தூல் முழுக்கச் சொன்னேன்.
தூரம் போகப் பழகிய குரல் என்னுடையது.

சீலாஸ் இன்னும் நிற்கிறான்.
'மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தைண்ணே.'
சொன்னேன். அது சுலபம்.
பாடிக்கொண்டே போனான்.
அவன் இறக்கி வைத்தது
யார் தோளில் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நாளைக்கு செகாம்புட்டில் மாரியம்மன் திருவிழா.
உறை டாஷ்போர்டில் கிடக்கிறது.
பாசிர் கூடாங்கில் மாசிலன் ஃபோர்க்லிப்ட் ஓட்டுவதாக
மாமாக் கடையில் யாரோ சொன்னார்கள்.
யார்? அப்போது நான்
தே தாரிக்கை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்கு மைக் பிடிப்பேன்.
ஹலோ, ஒன்று, இரண்டு.
எப்போதும் இரண்டோடு நிறுத்திவிடுவோம் நாங்கள்.
ஒலிபெருக்கிக்காரன் எவனும்
மூன்று சொல்லி நான் கேட்டதில்லை.